ஹெட்லைட் எரியவில்லையா? சாயங்காலமே பாருங்கள்!

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி, ஓசூர் சந்தைக்குப் பூ என்று கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் பலரும் இருட்டோடு வண்டி எடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள். இதில் ஹெட்லைட் எரியாவிட்டால்?

ஒன்று மட்டும் எரியவில்லையா? பல்பைக் கழற்றி, உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். இழை நன்றாக இருந்தால், ஹோல்டரையும் எர்த் ஒயர் போல்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுங்கள். புது ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். பிசுக்குப் பட்டால் சீக்கிரம் போய்விடும். சில வண்டிகளில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி பியூஸ் உண்டு, அதையும் பாருங்கள்.

இரண்டுமே எரியவில்லையா? ஹாரன் அடியுங்கள். சத்தம் கம்மினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் கவனியுங்கள். ஹாரன் நன்றாக அடித்தால் பியூஸ், ரிலே, சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள்.

பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர் இழுக்கும். அவசரத்துக்குச் செம்புக் கம்பியோ சிகரெட் பேப்பரோ சுற்றினால், பியூஸுக்குப் பதில் ஒயரிங் எரியும்; வண்டியே தீப்பிடிக்கலாம். புது பியூஸும் உடனே போனால், எங்கோ ஒயர் உரசியிருக்கும் அல்லது எலி கடித்திருக்கும். எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

லோடு ஏற்றும் முன்பே விளக்கைப் போட்டுப் பாருங்கள். டூல்ஸ் பெட்டியில் ஒரு பல்பும் இரண்டு பியூஸும் இருக்கட்டும். டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் அவசியம். அப்படியும் எரியவில்லையா? விடிந்தபின் கிளம்புங்கள். மண்டியில் விலை கொஞ்சம் குறைந்தாலும், வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நீங்கள்தான் முக்கியம்.