புளியங்குடி எலுமிச்சை

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது புளியங்குடி. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் கனி, 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

ஒட்டுமாவின் கொட்டையை ஊன்றினால், தாய்மரத்தின் கனியே கிட்டும் என்பது உறுதியன்று. எலுமிச்சையின் இயல்போ வேறு. அதன் ஒரு விதையினுள்ளேயே பெரும்பாலும் பல கருக்கள் இருக்கும். அவற்றுட் பல, மகரந்தக் கலப்பின்றித் தாய்மரத்தின் திசுவிலிருந்தே தோன்றுவன. ஆதலின், கன்று பெரும்பாலும் தாயையே ஒத்திருக்கும். தாயின் நிறைவேயன்றிக் குறையும் கன்றுக்கு வந்து சேரும்.

எனவே, நோயற்று ஆண்டுதோறும் நிரம்பக் காய்க்கும் மரத்தின் விதையையே நாற்றங்காலில் இடுதல் வேண்டும். வேரடியில் நீர் தேங்காது காத்தலும் வேண்டும். நல்ல மரத்தை இனங்காணும் திறன் உழவரிடம் உள்ளவரை, இக்கனியின் பெருமையும் நிலைத்திருக்கும்.