ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீங்க... வீட்டிலேயே பழைய கார் கட்டுபவர்கள் கவனத்துக்கு!

எண்ணூர் என்றால் இன்றைக்கு நம் கண்முன் வருவது கன்டெய்னர் லாரிகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும்தான். ஆனால், சுதந்திரம் கிடைத்த கையோடு இந்த ஊரில் கார் தயாரானது! 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. பிறகு லேலண்டுடன் கைகோத்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தொழிற்சாலை. நடுவே துறைமுகத்தை நம்பிய லேத் பட்டறைகள். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருவுக்கு ஒருவராவது ஸ்பேனர் பிடித்தவர் இருப்பார்.

அதனால்தான் இந்த ஏரியாவில் பழைய ஃபியட்டையோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ வாங்கி வந்து, புதுப்பேட்டையில் பாகம் தேடி, வீட்டு வாசலிலேயே பிரித்துப் பூட்டும் ஆசை பலருக்கு வருகிறது. ஆசையில் தப்பே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் பள்ளம் இருக்கும், லிஃப்ட் இருக்கும், குரல் கொடுத்தால் ஓடிவர நாலு பேர் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு போர்டிகோவில் இதெல்லாம் கிடையாது. ஒரு டன் எடையுள்ள இரும்புக்கு அடியில் நீங்கள் தனியாகப் படுத்திருப்பீர்கள்.

ஆகவே முதல் பேச்சு ஜாக் பற்றி. ஜாக் என்பது வண்டியைத் தூக்க மட்டும்தான், தாங்கிப் பிடிக்க அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கின் உள்ளே இருப்பது எண்ணெயும் ஒரு ரப்பர் சீலும். சீல் போனால் சொல்லிக்கொண்டு இறங்காது. தூக்கிய உடனே இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, எடையை அதன்மேல் இறக்கிவிட வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்று செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குவது நம் ஊர் வழக்கம். பிளாக் மெள்ள நசுங்காது, ஒரு நொடியில் உடைந்து தூளாகும்.

தரை சமமாக, கெட்டியாக இருக்கட்டும். வெயிலில் இளகும் தார் ரோட்டிலும் மண்ணிலும் ஸ்டாண்டு புதைந்துவிடும். தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை என்பதை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களைத்தானே பிடிக்கிறது! வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். கழற்றிய சக்கரத்தை ஓரமாகச் சாய்த்து வைக்காமல், வண்டியின் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடுங்கள். எல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தின் அகலத்துக்கு இடம் மிஞ்சும். கடைசியாக, அடியில் போகும் முன் இரண்டு கையாலும் வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும்.

இன்னொன்று. வீட்டில் யாரிடமாவது "கீழே போறேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை.

உப்புக்காற்று செய்யும் வேலை

கடலோரத்துக்கே உரிய ஆபத்து துரு. மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், அடியில் கறுப்பு அண்டர்கோட்டிங் பூசியிருக்கும், உள்ளே இரும்பு அப்பளமாக இருக்கும். அந்த இடத்தில் ஜாக் கொடுத்தால் ஜாக் மேலே போகும், வண்டி போகாது. சின்ன சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டிங்' என்று பேசும். அரித்தது 'டொப்' என்று சொல்லும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், முதல் வேலை இன்ஜின் அல்ல, சட்டம்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடசென்னையில் புகுந்ததும், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவியதும் நினைவிருக்கும். அப்படி வெள்ளத்தில் நின்ற பழைய காரை யாராவது சல்லிசாகத் தருகிறார்கள் என்றால், நேராகச் சாவியைத் திருகிவிடாதீர்கள். பிரேக் டிரம், வீல் பேரிங், வயரிங், பெட்ரோல் டேங்க் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

காலி டேங்க்தான் வெடிக்கும்

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. எரிவது திரவ பெட்ரோல் அல்ல, அதன் ஆவி காற்றோடு கலந்த கலவை. காலி டேங்க் முழுக்க அதுதான் இருக்கிறது. 'பெட்ரோலைக் கொட்டியாச்சே' என்று அதில் வெல்டிங் ராடு வைக்கவே கூடாது. டேங்க் ஓட்டையை அந்த வேலை தெரிந்த பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும். சாயங்காலம் வாசலில் விளக்கு ஏற்றும் வீடுகளில் இது சாதாரண விஷயம் இல்லை. பெட்ரோல் பைப்பைக் கழற்றும் நாளில் விளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் தள்ளியே இருக்கட்டும். கையெட்டும் தூரத்தில் பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்கு கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி செல்ஃப் அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இன்ஜின் 'பேக் ஃபயர்' ஆனால், அந்தத் தீ வெளியே வருவது பாட்டில் பிடித்திருக்கும் கையை நோக்கித்தான்.

புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காரின் ரப்பர் பைப்புகளும் டயாஃப்ரமும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. உப்பிப்போகும், விரிசல் விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் டேங்கின் உள்ளே துரு கூடும். எரிபொருள் பைப்புகள் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது பெரிய செலவு இல்லை. சூடான சைலன்சர்மேல் பெட்ரோல் சொட்டுவதோடு ஒப்பிட்டால் செலவே இல்லை!

பேட்டரியில் கைவைக்கும் முன் மோதிரம், பிரேஸ்லெட், சங்கிலியைக் கழற்றி வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஸ்பேனருக்கும் பாடிக்கும் நடுவே தங்க மோதிரம் மாட்டினால் அது சிவக்கச் சூடாகும், விரலோடு சேர்ந்து. பேட்டரியைக் கழற்றும்போது பாடியில் பூட்டிய எர்த் வயர்தான் முதலில், மாட்டும்போது அது கடைசி. இங்கே ஒரு சூட்சுமம். அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் 'பாசிட்டிவ்' முனைதான் எர்த். 'நெகட்டிவைத்தான் முதலில் கழற்றணும்' என்று மனப்பாடமாக வைத்திருப்பவர், ஆஸ்டினில் மாட்டிக்கொள்வார். குறி பார்த்துப் பழகாமல், வயர் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்.

பிரேக் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் 'ஏர்' அடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் தொல்லை பல வருடம் கழித்துத்தான் தெரியும். பக்கத்தில் குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்து, அந்தக் கால கார்கள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே ஆயில் சுற்றுதான். எங்கேயாவது ஒரு பைப் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போகும். எனவே பழைய பைப்பைச் சுரண்டி பெயின்ட் அடிப்பது சிக்கனம் ஆகாது.

கைப்பிடி போட்டுச் சுற்றும் காராக இருந்தால், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டை விரலையும் மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் திருப்பி உதைத்தால் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த கட்டை விரல்தான் முறியும். இந்த வித்தை தெரிந்த தாத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒருமுறை கேட்டுப் பழகுங்கள்.

கட்டியவரே சான்றிதழ் தரக் கூடாது

எண்ணூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத்திடல் வரும் வரை சென்னையின் பந்தயம் என்றால் சோழவரம்தான். அங்கே ஓடியவற்றில் பல, ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்து ஆர்வலர்கள் தாங்களே கட்டிய வண்டிகள். கோவையின் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துத் தனி இருக்கை பந்தயக் காரே உருவாக்கியவர்.

கார் பந்தயத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. களத்தில் இறங்கும் முன் கட்டியவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வண்டியைச் சோதிப்பார். ஸ்டீயரிங்கில் ஆட்டம் எவ்வளவு, ஆக்சிலரேட்டரை விட்டால் தானாகத் திரும்புகிறதா, பேட்டரி அசையாமல் கட்டியிருக்கிறதா, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று. ஆறு மாதம் அதே வண்டியோடு புழங்கிய கண்ணுக்கு, பின் போடாத ஒரு நட்டு தெரியாமலே போகும். உங்கள் வண்டியையும் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 'நான் பூட்டியதை இவர் என்ன பார்ப்பது' என்ற ரோஷம் இங்கே வேண்டாம்.

காகித வேலையையும் தள்ளிப்போட முடியாது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். சட்டத்தை வெட்டி, வேறு இன்ஜின் ஏற்றிய வண்டிக்கு இந்தச் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுதான் குறுக்கே நிற்கும். வெட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

முதல் ஓட்டம் எண்ணூர் நெடுஞ்சாலையில் வேண்டாம். அங்கே உங்கள் பின்னால் வருவது கன்டெய்னர் லாரி. ஆளில்லாத உள் தெருவில், நடை வேகத்தில், பத்து முறை பிரேக் அடித்துப் பாருங்கள். டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஏமாறாமல், பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றால் 2009-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர், அது போதும் மாற்றுவதற்கு. முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று பார்த்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை என்னவென்று தெரிந்துவிடும்.