சிறு மோட்டாரை ஓட்டும் சில்லு

தையல் இயந்திரத்தின் மோட்டாரையோ மிக்ஸியின் மோட்டாரையோ பிரித்துப் பார்த்தவர்கள், அதனுள் இரண்டு கரித்துண்டுகள் இருப்பதைக் கண்டிருப்பார்கள். பழுதுபார்ப்போர் அவற்றைக் 'கார்பன்' என்பர். பிரஷ் என்பதும் அவையே. சுழலும் செப்புத் தகடுகளின்மேல் உராய்ந்துகொண்டே, எந்தச் சுருளுக்கு எப்பொழுது மின்சாரம் செல்லவேண்டும் என்பதை அவை மாற்றி மாற்றி அமைக்கின்றன. உராய்வதால் அவை தேய்கின்றன, பொறி பறக்கிறது, கரித்தூள் உதிர்கிறது.

பிரஷ் இல்லாத மோட்டாரில் காந்தமே சுழல்கிறது. சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. மின்னோட்டத்தைச் சுருளுக்குச் சுருள் மாற்றும் பொறுப்பை மின்னணுச் சுற்று ஏற்கிறது. வில்சன், டிரிக்கி என்னும் இருவர் 1962இல் இத்தகைய மோட்டாரைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தனர். அந்தச் சுற்று முழுவதும் இன்று விரல்நகம் அளவுள்ள ஒரு சில்லில் அடங்கிவிடுகிறது.

இச்சில்லை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? அதன் விவரக் குறிப்பின் முதற்பக்கத்தில் இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் என்று எடுப்பாக அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் கண்டு வாங்குவது, பல்லைப் பாராமல் கொம்பைப் பார்த்து மாடு பிடிப்பதற்கு ஒப்பாகும். மோட்டார் செய்யப்போகும் வேலை யாது என்பதையே முதலில் கேட்கவேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சுத் தடைப்படும் நோயாளிகள் உண்டு. முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை, சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார். இன்றைய கருவிகளில் அக்காற்றை ஊதுவது பிரஷ் இல்லாத சிறு மோட்டாரே. ஊதல் நின்றால், வெளிவிட்ட மூச்சே முகமூடிக்குள் தேங்கும்.

அத்தகைய மோட்டார் நிமிடத்திற்கு 30,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு வினாடிக்கு 500 சுற்று. காந்தத்தில் இரண்டு இணைத் துருவங்கள் இருப்பின், வினாடிக்கு 1,000 மின்சுழற்சிகள் ஆகின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு மாற்றங்கள். ஆகவே வினாடிக்கு 6,000 முறை சில்லு மின்னோட்டத்தைத் திருப்பவேண்டும். இவ்வேகத்திற்கு எட்டாத சில்லு, எத்தனை ஆம்பியர் தாங்கினும் நமக்கு உதவாது.

அடுத்தது, காந்தம் எங்கே நிற்கிறது என்பதைச் சில்லு அறியும் வழி. ஹால் உணரிகள் மூன்றை மோட்டாருக்குள் வைத்தால், அது அசையாதிருக்கும்போதும் இடம் தெரியும். உணரி இல்லாத முறையில், சுழலும் காந்தம் சுருளில் எழுப்பும் எதிர்மின்னழுத்தமே வழிகாட்டி. மோட்டார் நிற்கும்போது அவ்வழுத்தம் கிடையாது. ஆதலின் அவ்வகைச் சில்லுகள் பெரும்பாலும் தொடக்கத்தில் குருடன் கோலூன்றுவதுபோல் சுழலியைத் தள்ளிப் பார்க்கின்றன. விசிறிக்கு இது போதும். மெதுவாகச் சுழலும்போது காற்றின் தடை மிகக் குறைவு. எடுத்த எடுப்பிலேயே பாரம் இழுக்கும் பிஸ்டன் பம்பிற்கோ ஹால் உணரிகளே நல்லவை.

நம் ஊதுவிசிறிக்கு வேறொரு சிக்கல் உண்டு. மின்சாரம் ஒரு கணம் தடைப்பட்டு மீளும்போது விசிறி இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அதை உணர்ந்து, அதே வேகத்திலிருந்து தொடரும் சில்லு வேண்டும். உணராத சில்லு முதலில் சுழலியை நிறுத்த முயலும், மின்னோட்டம் பாயும், நேரமும் வீணாகும்.

இனி வெப்பம். ஓட்டத்தின் வழியிலுள்ள மின்சாவிகளின் தடை மொத்தம் அரை ஓம் என்க. 1 ஆம்பியர் ஓடினால் அரை வாட் வெப்பம். 3 ஆம்பியர் ஓடினால் மும்மடங்கன்று, ஒன்பது மடங்காக நாலரை வாட். சில்லின் வயிற்றிலுள்ள உலோகத் தகட்டைப் பலகையின் அகன்ற செம்புப் பரப்பில் பற்றவைத்தாலொழிய அவ்வெப்பம் வெளியேற வழியில்லை. சுருளின் தடை 2 ஓம், மின்னழுத்தம் 24 வோல்ட் எனில், சுழலி சிக்கிக்கொண்டால் 12 ஆம்பியர் வரை பாய முற்படும். ஆதலின் மின்னோட்டத்திற்கு வரம்பு கட்டும் வசதி இன்றியமையாதது. அதிக ஆம்பியர் தேவையெனில், மின்சாவிகளைத் தனி டிரான்சிஸ்டர்களாகச் சில்லுக்கு வெளியே வைப்பதே சிறந்தது.

மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டி, விடும்போது குறைக்கும் கருவிகளும் உள்ளன. அவற்றில் ஒவ்வொரு மூச்சுக்கும் மோட்டார் விரைந்து தணிகிறது. விரைவாகத் தணிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். அதை ஏற்க வழியில்லையெனில் 24 வோல்ட் அதற்கு மேலும் ஏறும். சரியாக 24 வோல்ட் மட்டும் தாங்கும் சில்லு அங்கே நெடுநாள் பிழைக்காது.

பிழை நேரும்போது சில்லு செய்வதென்ன என்பதை விவரக் குறிப்பின் உட்பக்கங்களிலேதான் தேடவேண்டும். சில, சற்றுப் பொறுத்துத் தாமே மீண்டும் முயலும். சில, மின்சாரத்தை அணைத்துப் போடும்வரை வாளாவிருக்கும். உறங்குகிறவரின் தலைமாட்டில் இரண்டாம் வகை ஆபத்தானது. எவ்வகையாயினும், பிழையை அறிவிக்கும் கால் சில்லில் இருத்தல் வேண்டும். அக்காலை எச்சரிக்கை மணியுடன் இணைத்தல் வேண்டும். பிறகு, மாதிரிப் பலகையில் சுழலியை அசையாமல் இறுக்கிவைத்து மின்சாரம் கொடுத்தும், ஓடும்போதே துண்டித்து உடனே மீண்டும் கொடுத்தும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சில்லுகளை மொத்தமாக வாங்கவேண்டும்.