இருபது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்த ஊர்

தென்பெண்ணையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் நாளில், தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பக்கம் படுகையில் துருத்தி நிற்கும் ஒரு பாறைமேல் ஏறி நில்லுங்கள். அந்தப் பாறை இன்றைய உருவை அடைந்த இடம் தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அப்போது அதன் வெப்பம் 700 டிகிரி செல்சியஸுக்கும் மேல். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இன்று ஆடு மேய்ப்பவர் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்.

இருபது கிலோமீட்டர் என்பது எவ்வளவு ஆழம்? கம்பைநல்லூருக்கு ஏறக்குறைய நேர் வடக்கே, நேர்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள், கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. 2001இல் மூடப்பட்டபோது அதன் ஆழம் சுமார் 3.2 கிலோமீட்டர், அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் ஆராய்ச்சிக்காகவே ஒரு துளை போட்டார்கள். 1970இல் தொடங்கிய வேலை 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் 180 டிகிரியை எட்ட, அதற்குமேல் துளைக்க முடியாமல் போயிற்று. மனிதர் தோண்டிய எதுவும் இன்றுவரை தொடாத ஆழத்தின் பாறையைத் தருமபுரி மாவட்டத்தில் செருப்புக் காலோடு மிதிக்கலாம்.

கம்பைநல்லூருக்குப் போவது எளிது. சேலம்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் மொரப்பூர் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. தருமபுரியிலிருந்தும் அரூரிலிருந்தும் பேருந்து உண்டு. தென்னை, மஞ்சள், மரவள்ளி வயல்களுக்கு நடுவே ஒரு பேரூராட்சி. பழைய தேசநாதேஸ்வரர் கோயில், சந்தை, ஊரின் பெயரையே தாங்கி ஓடித் தென்பெண்ணையில் கலக்கும் ஒரு சிற்றாறு. ஒகேனக்கல், தீர்த்தமலை, கிருஷ்ணகிரி அணை எல்லாமே காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் தூரம். களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பாறை பார்க்க இதைவிட நல்ல இருப்பிடம் தமிழ்நாட்டில் குறைவு என்பேன்.

காரணம், இந்த நிலம் சாய்ந்த நிலம். பூமியின் மேலோட்டில் ஒரு பெரும்பகுதி இங்கே தெற்குப் பக்கம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. உயர்ந்த பக்கம் அதிகமாகத் தேய்ந்தது. ஆகவே கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கிப் போகிறவர், முன்பு மேலே இருந்த அடுக்கிலிருந்து மேலும் மேலும் ஆழத்தில் இருந்த அடுக்குக்குப் போகிறார். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகள் நம் காற்றழுத்தத்தைப்போல 5,000 மடங்கு அழுத்தத்தில் உருமாறியவை. தருமபுரியைத் தாண்டினால் அது 7,000, 8,000 மடங்கு ஆகிறது. ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பாறை ஏறத்தாழ 270 மடங்கு அழுத்தத்தைக் கூட்டும். வகுத்துப் பாருங்கள்: வடக்கே சுமார் 18 கிலோமீட்டர், தெற்கே 26 முதல் 30. பேருந்து தரைமேல்தான் ஓடுகிறது. ஆனால் அந்தப் பயணத்தில் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் ஆழம் இறங்கிவிடுகிறோம். இப்படி மேலோட்டின் குறுக்குவெட்டு திறந்து கிடக்கும் இடங்கள் உலகத்தில் ஒரு சிலவே. கம்பைநல்லூர் அந்த வழியின் அருகிலேயே, நடுவில் இருக்கிறது.

இந்த அழுத்தத்தை அளந்தது யார்? பாறையேதான். கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவினால் அதனூடே ஒளி பாயும். அந்தச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் சிவப்புச் சாயலுள்ள கார்னெட் தெரியும்; நகைக்கடைக் கோமேதகம் இந்தக் குடும்பத்துக் கல்தான். அதை ஒட்டிப் பைராக்சீன் என்ற இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமம், ஃபெல்ட்ஸ்பார் என்ற வெளிர் கனிமம், ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ். இவை நான்கும் சும்மா அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கவில்லை. கார்னெட்டும் பைராக்சீனும் இரும்பையும் மக்னீசியத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. ஃபெல்ட்ஸ்பாரிலுள்ள கால்சியம் கார்னெட்டுக்குள் எவ்வளவு நுழைகிறது என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. காரணம் எளிது. கார்னெட் அடர்த்தியான கனிமம், குறைந்த இடத்தில் அடங்கும். நெருக்கடி கூடக்கூட அணுக்கள் அதன் பக்கம் சாய்கின்றன. பாறை குளிர்ந்ததும் இந்தப் பங்கீடு அப்படியே உறைந்துவிடுகிறது. இன்று எலெக்ட்ரான் கற்றையால் ஒவ்வொரு துகளையும் தொட்டு இந்த விகிதத்தைப் படிக்கிறார்கள். 250 கோடி ஆண்டுக்கு முந்தைய வெப்பமானியும் அழுத்தமானியும் ஒரே கல்லுக்குள் இருக்கின்றன.

இங்கே பரவலாகக் கிடைக்கும் பாறைகள் இரண்டு. ஒன்று நைஸ்: வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். மற்றொன்று சார்னகைட்: கரும்பச்சை, எண்ணெய் தடவியதுபோன்ற மினுக்கு. சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே சார்னகைட்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடந்த கல்லும் அந்தப் பக்கத்திலிருந்து போனது என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் இந்தப் பெயரை வைத்தார்.

இரண்டுக்கும் மூலப்பொருள் கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபாடு தண்ணீரில். நைஸில் இருக்கும் காக்காப்பொன், தன் படிக அமைப்புக்குள் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கிறது. சார்னகைட்டில் அந்தத் தண்ணீர் இல்லை. காக்காப்பொன் சிதைந்து பைராக்சீனாகிவிட்டது. கர்நாடகத்தின் கப்பல்துர்கா குவாரியில் இந்த மாற்றம் பாதியில் நின்றுபோய்க் கிடக்கிறது: வெளிர் நைஸின் நடுவே கரும்பச்சைத் திட்டுகளும் கோடுகளும். சி. எஸ். பிச்சமுத்து 1960இல் நேச்சர் இதழில் இதை உலகத்துக்குக் காட்டினார். ஒரு பாறை இன்னொன்றாக மாறும் கணத்தைக் கையும் களவுமாகப் பிடித்த கட்டுரை அது.

தண்ணீரை விரட்டியது எது? குவார்ட்ஸுக்குள் சிக்கிய குமிழ்களில் ஒரு தடயம் இருக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கும் இல்லாத அந்தக் குமிழ்களுக்குள் நெருக்கி அடைபட்டிருப்பது கரியமில வாயு. அடர்த்தி அவ்வளவு அதிகமாக இருப்பதால் குளிரில் அது திரவமாகவே நிற்கிறது. 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயுவுக்குத் திரவம், வாயு என்ற பிரிவே கிடையாது. சித்திரை வெயிலில் காயும் ஒரு தருமபுரிக் கல்லுக்குள் இப்படிப்பட்ட எந்தக் குமிழிலும் அந்தப் பிரிவுக் கோடு மிஞ்சாது. ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயுதான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளியது என்பது ஒரு விளக்கம். பாறையின் ஒரு பகுதி உருகி, அந்த உருகல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மேலே போய்விட்டது என்பது மற்றொன்று. அடர் உப்புநீருக்கும் பங்கு உண்டு என்கிறவர்கள் இருக்கிறார்கள். வாதம் இன்னும் நடக்கிறது. இடத்துக்கு இடம் காரணம் மாறியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, அவ்வளவு ஆழத்தில் கிடந்த பாறை மேலே வந்தது எப்படி? ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருப்பீர்கள். ஆள் ஏற ஏறப் பரிசல் அமிழும். கரை வந்து ஒவ்வொருவராக இறங்க, அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும். பூமியின் மேலோடும் தன்னைவிட அடர்த்தியான பாறைமேல் அப்படித்தான் மிதக்கிறது. மழையும் ஆறும் மலையை அரித்துச் சுமையைக் குறைத்தால் அடியிலிருந்து மேலோடு எழும்புகிறது. புவியியலாளர்கள் இதைச் சமநிலை மிதப்பு என்பார்கள். கணக்கு வியப்பானது. ஒரு கிலோமீட்டர் பாறை அரிபட்டுப் போனால் 800 மீட்டருக்கும் மேல் கீழிருந்து எழுந்து ஈடுகட்டிவிடும். மலையின் உயரம் 200 மீட்டர்கூடக் குறையாது. அப்படியென்றால் 4 கிலோமீட்டர் உயரம் கரைய வேண்டுமானால் 20 கிலோமீட்டருக்கும் மேல் பாறை அரிபட்டாக வேண்டும். இவ்வளவும் போன பின்பும் தருமபுரிக்குக் கீழே மேலோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கனத்தில் இருக்கிறது. இழந்ததையும் சேர்த்தால் 60 கிலோமீட்டருக்கு மேல். இன்று அந்தக் கனம் திபெத், ஆண்டிஸ் போன்ற இடங்களில்தான் இருக்கிறது. மஞ்சள் விளையும் இந்தச் சமவெளிக்கு மேலே ஒரு காலத்தில் பெரும் மலைத்தொடர் நின்றிருக்கிறது.

தேய்மானத்தின் வேகத்தைச் சராசரியாகப் பார்த்தால் நூறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர். தாத்தா பிறந்து பேரன் வேலைக்குப் போகும்வரை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அது சீராக நடக்கவில்லை. பெரும்பகுதி முதலிலேயே முடிந்துவிட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரிக் குவாரிகளில் வெட்டும் கறுப்பு கிரானைட் அதற்குச் சாட்சி. வணிகத்தில் கிரானைட் என்றாலும் அது டோலரைட், வெடிப்புகளில் புகுந்து உறைந்த எரிகுழம்பு. பாறை வெடிக்க வேண்டுமானால் அது ஏற்கெனவே குளிர்ந்து இறுகியிருக்க வேண்டும், அதாவது ஆழத்திலிருந்து மேலே வந்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்து டோலரைட் சுவர்களில் சில 230 கோடி ஆண்டுக்கும் மேல் பழையவை.

மேல்சுமை நீங்கியதால் இன்னொன்றும் நடந்தது. அமுங்கிக் கிடந்த பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளந்தது. இங்கே பல குன்றுகள் உருண்டையாக, மொட்டையாக நிற்பதன் காரணம் இந்தப் பிளவுதான். பாறையில் நீர் புகாது, பிளவில் புகும். மழைநீர் இப்படிப்பட்ட பிளவுகளுக்குள் இறங்கித் தேங்கி மெல்லக் கசிவதால்தான், தீர்த்தமலைபோன்ற பாறைக் குன்றுகளின் மேலும் தண்ணீர் சொட்டுகிறது. ஊரில் போர்வெல் போடுகிறவர் தேடுவதும் இதே பிளவைத்தான்.

அந்தத் தண்ணீரில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. காக்காப்பொன்னிலும் அபடைட் என்ற கனிமத்திலும் சிறிதளவு ஃபுளோரைடு உண்டு. மழை குறைந்த நாட்டில் நீர் பிளவுகளுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கி அதைக் கரைக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஃபுளோரைடு நீரைச் சிறு வயதிலிருந்தே குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிகுந்தால் எலும்பும் விறைக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் பல தலைமுறை இதைச் சுமந்தார்கள். காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானின் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கப்பட்டது, அதற்காகவே.

ஆற்று மணலுக்கு வருவோம். போகும்போது ஒரு காந்தம் எடுத்துப்போங்கள். உலர்ந்த மணலில் அதை இழுத்தால் கறுப்புப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அது மேக்னடைட், இரும்புத் தாது. கம்பைநல்லூருக்கு வடக்கே, பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருட்களின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரும்பு உருக்கியவர்களுக்குத் தாது தேடித் தொலைதூரம் போகும் தேவை இருந்திருக்காது. காந்தத்தில் ஒட்டாமல் கிடக்கும் ரோஜா நிறத் துகள்களைக் கண்டால் உற்றுப் பாருங்கள். அவை கார்னெட்டாக இருக்கும்.

ஆழத்திலிருந்து வந்தவற்றில் எல்லாவற்றையும் மிஞ்சியதைக் கடைசியாக வைத்திருக்கிறேன். மொரப்பூரிலிருந்து ஜோலார்பேட்டை பக்கம் போனால் சாமல்பட்டி நிலையம் வரும். அந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்ற பாறை இருக்கிறது. பார்க்கச் சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குபோல இருக்கும். நீர்த்த அமிலத்தின் ஒரு துளி பட்டால் பொங்கும். சுண்ணாம்புக்கல் வழக்கமாகக் கடலடியில் படிவது. இதுவோ நெருப்புக் குழம்பாக எழுந்தது. உலகின் எரிமலைகள் கக்குவது மணற்சத்தான சிலிக்காக் குழம்பு. கார்பனேட் குழம்பைக் கக்கும் எரிமலை இன்று ஒன்றே ஒன்று, தான்சானியாவின் ஓல் டோய்ன்யோ லெங்காய். அதன் குழம்பு மற்ற எரிமலைக் குழம்பின் பாதி வெப்பமே, 500 முதல் 600 டிகிரி, தண்ணீராக ஓடும், கறுப்பாக வெளிவந்து காற்றின் ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். அங்கே சோடியம் மிகுதி, நம் சாமல்பட்டியில் கால்சியம் மிகுதி. சாமல்பட்டிக்குப் பக்கத்து ஜோகிபட்டியில் பேரியம் நிறைந்த பென்ஸ்டோனைட் என்ற அபூர்வக் கனிமமும் கிடைக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் செவத்தூரில் இதே குடும்பத்துப் பாறைகளோடு வெர்மிகுலைட் இருக்கிறது. சூடாக்கினால் அதன் ஏடுகளுக்கு நடுவிலுள்ள நீர் ஆவியாகி, பத்து மடங்குக்கும் மேல் உப்பும். நாற்றங்கால் தொட்டிகளில் மண்ணோடு கலக்கிறார்களே, அந்த லேசான பொன்னிறத் துகள் இதுதான்.

கார்பனடைட் குழம்பு பிறப்பது மேலோட்டுக்கும் கீழே, மூடகம் என்ற அடுக்கில், பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில். அது மேலே வர வழி வேண்டும். அந்த வழி, தருமபுரி மாவட்டத்தின் குறுக்கே வடகிழக்கு–தென்மேற்காக ஓடும் பிளவு மண்டலம். ஒகேனக்கல் வட்டாரத்துக் கார்பனடைட் அதன்வழி எழுந்தது சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்பு. சாமல்பட்டி, செவத்தூர்க் கார்பனடைட்டுகள் எழுந்தது சுமார் 80 கோடி ஆண்டுக்கு முன்பு. இடையில் 160 கோடி ஆண்டுகள். அதற்குள் கண்டங்கள் சேர்ந்து பிரிந்துவிட்டன. அத்தனைக்குப் பிறகும் இரண்டாவது குழம்பு அதே பழைய பிளவுப் பட்டையையே தேடிப் பிடித்து ஏறியிருக்கிறது.