தொப்புள்கொடி விழத் தாமதமா? டாக்டர்கள் சந்தேகப்படும் ஒரு மரபணு

பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி பொதுவாக ஒன்று, இரண்டு வாரங்களில் காய்ந்து விழுந்துவிடும். 3 வாரம் தாண்டியும் விழவில்லை, சுற்றிலும் சிவந்திருக்கிறது, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம், ஆனால் துளி சீழ்கூட இல்லை. இப்படி இருந்தால் டாக்டர்களின் சந்தேகம் ஐடிஜிபி2 என்ற மரபணு மீது திரும்பும்.

இதற்கு என்ன வேலை?

21-வது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுதான் சிடி18 என்ற புரதத்தை உருவாக்குகிறது. வெள்ளை அணுவின் மேல் இருக்கும் கொக்கி மாதிரி இது. ரத்தத்தோடு ஓடும் வெள்ளை அணு, தொற்று உள்ள இடத்தில் குழாய்ச் சுவரைப் பிடித்து நின்றால்தான் வெளியே இறங்கிக் கிருமியைத் தாக்க முடியும்.

கொக்கி இல்லாவிட்டால்?

படை இருக்கும், களத்தில் இறங்காது. அவ்ளோதான் பிரச்சினை. பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இருப்பது நார்மல். இந்தக் குழந்தைகளுக்குத் தொற்றின்போது எண்ணிக்கை 1 லட்சத்தைக்கூடத் தாண்டலாம். சீழில் பெரும்பகுதி செத்த வெள்ளை அணுக்கள். அவை புண்ணுக்கே போகாததால் சீழும் இல்லை, புண்ணும் சீக்கிரம் ஆறாது. இந்த நோயின் பெயர் எல்ஏடி-1. தீவிர வகையில், சிகிச்சை இல்லாவிட்டால் பல குழந்தைகள் 2 வயதைத் தாண்டுவதில்லை.

யாருக்கு வரும்?

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்கள் ஆரோக்கியமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட இருவர் தம்பதியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பு. மிக அபூர்வமான நோய்தான். ஆனால், சொந்தத்தில் திருமணம் செய்தால் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமன், அத்தை மகன் உறவில் கல்யாணம் சகஜமாக உள்ள தமிழ்நாட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சை உண்டா?

உண்டு. பொருத்தமானவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் குணமாக்கலாம். குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் மரபணு சிகிச்சையும் பரிசோதிக்கப்பட்டது. 2025-ல் வெளியான முடிவுகளின்படி, அதைப் பெற்ற 9 குழந்தைகளும் மஜ்ஜை மாற்று இல்லாமலே உயிரோடு இருந்தார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

கொடி விழத் தாமதமானாலே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கூடவே சிவப்போ, ஆறாத புண்ணோ, அடிக்கடி காய்ச்சலோ இருந்தால் குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் இதற்கு முன் கைக்குழந்தை தொற்றால் இறந்திருந்தால், அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். சிடி18 அளவைப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.