மின்சாரக் கார்: புதியதா, பழையதா?

கொழும்பில் தொழில் புரியும் யட்டியாந்தோட்டை மக்கள் சிலர், சேமிப்பைத் திரட்டி மின்சாரக் கார் வாங்க விழைகின்றனர். 2020இல் தடைப்பட்ட இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தும், வரிச்சுமையால் புதிய வண்டியின் விலை பெரிதே. ஆகவே பழைய 'நிசான் லீஃப்' கண்ணில் படுகிறது.

அதிற் பார்க்க வேண்டியது மெருகன்று, மின்கலமே! முதல் தலைமுறை லீஃபின் 24 கிலோவாட் மணி மின்கலத்துக்கு நீர்க்குளிர்ச்சி இல்லை. நம் வெப்பத்தில் விரைந்து தளரும். முகப்பிலுள்ள 12 கோடுகளுள் முதலாவது மறைந்தாலே ஏறத்தாழ 15 சதவீதக் கொள்ளளவு போயிற்றென்க. புதிதாயிருந்தபோதே அது ஒரு மின்னேற்றத்தில் ஓடியது சுமார் 120 கிலோமீட்டர். எட்டுக் கோடு எஞ்சிய வண்டி, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நகருக்குள் ஓடப் போதும். குறைந்த விலைக்குக் கிடைப்பின் வாங்கலாம்.

ஆனால், பொங்கலுக்கு ஊர் வருவதெனில் அவிசாவளை தாண்டும்போதே மூச்சு வாங்கும். லயத்து வீட்டின் பழைய மின்கம்பியிலே இரவெல்லாம் அதற்கு மின்னேற்றுவதோ, தீயை விலைகொடுத்து வாங்குவதாகும்.