வரைபடத்திலிருந்து சோதனைக் கூடத்திற்கு: மாணவர் வடிவமைப்புப் போட்டிகளும் அடுக்கு உற்பத்தி முறையும்

பெங்களூர் மாநகரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியரின் வேளாண் குடியிருப்பாகத் தோன்றிய ஊராகும். அவ்வயல்களின் இடத்தை இன்று பெரும்பாலும் அலுவலகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் பிடித்துவிட்டன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கிய ஜான் எஃப். வெல்ச் தொழில்நுட்ப மையம் அவற்றுள் ஒன்று. இதே நிறுவனம் 2013-இல் உலகம் முழுவதற்குமாக அறிவித்த ஒரு வடிவமைப்புப் போட்டி, நம் கல்லூரிகளில் பெருகிவரும் இத்தகைய போட்டிகளை எடைபோட நல்லதோர் உரைகல்லாகும்.

முதலில் உற்பத்தி முறையைப் பற்றிச் சில சொற்கள். கடைசல் இயந்திரம் உலோகத்தைச் செதுக்கி உருவம் தருகிறது. வார்ப்படச் சாலை உருக்கி ஊற்றி உருவம் தருகிறது. முப்பரிமாண அச்சு எனப் பொதுவாக வழங்கும் அடுக்கு உற்பத்தி முறையிலோ, பொருள் மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று சேர்க்கப்படுகிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கிப் படியவைப்பது எளிய வகை. உலோகத் தூளை லேசர் கதிரால் உருக்கி இணைப்பது செலவு மிக்க வகை.

இதன் பொருளாதாரம் பழைய முறைக்கு நேர்மாறானது. வார்ப்பு முறையில் அச்சுக்கூடு செய்யும் செலவு பெரிது; ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தால்தான் அது ஒவ்வொரு பொருளின் மீதும் பரவிக் குறையும். அடுக்கு முறையில் முதல் பொருளுக்கும் நூறாவது பொருளுக்கும் ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே பிளாஸ்டிக் வாளியை இம்முறையில் செய்ய முனைவது வீண். ஆனால் பத்தோ இருபதோ மட்டும் தேவைப்படும் சிக்கலான உறுப்புக்கு இது பொருத்தமானது. மேலும், செதுக்கும் முறையில் எடையைக் குறைக்கக் கூடுதலாக உழைக்க வேண்டும். இங்கோ குறைகின்ற ஒவ்வொரு கிராமும் தூளையும் இயந்திர நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. இந்தக் கணக்கு மனத்தில் பதியாத மாணவர், பழைய உருவத்தையே புதிய இயந்திரத்தில் அச்சிட்டுவிட்டு மகிழ்கிறார்.

2013-ஆம் ஆண்டுப் போட்டி இதைத்தான் சோதித்தது. விமான எஞ்சினைத் தூக்கிக் கையாளும்போது பாரம் தாங்கும் பிராக்கெட்டு ஒன்றின் எடையைக் குறைக்க வேண்டும். ஆனால் அது செங்குத்தாக ஏறத்தாழ 3,600 கிலோ, சாய்வாக ஏறத்தாழ 4,300 கிலோ பாரத்தைத் தாங்கியாக வேண்டும். மூல உறுப்பின் எடை 2,033 கிராம். 56 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 700 வடிவமைப்புகள் வந்தன. இந்தோனேசியாவைச் சேர்ந்த அரி குர்னியாவன் முதற்பரிசு பெற்றார்; அவருடைய பிராக்கெட்டின் எடை 327 கிராம், அதாவது 84 சதவீதம் குறைவு.

செய்தித்தாள்கள் இந்த எடைக் குறைப்பைப் பெரிதும் பாராட்டின. என் கருத்தில் அதைவிட முக்கியமானது நடுவில் நடந்த காரியம். தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து வடிவமைப்புகளும் டைட்டானியம் கலப்பு உலோகத்தில் நிறுவனத்தின் செலவிலேயே அச்சிடப்பட்டு, சோதனை இயந்திரத்தில் பாரம் ஏற்றப்பட்டன. கணிப்பொறித் திரையில் தேறியிருந்த அவற்றுள் ஒன்று அங்கே தோல்வியுற்றது.

இத்தோல்வி வியப்புக்குரியதன்று. அடுக்கு உற்பத்தியில் உறுப்பின் வலிமை வரைபடத்தை மட்டும் பொறுத்ததன்று. படலங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு பொதுவாகப் படலத்தின் போக்கைவிட வலுக் குறைந்தது. ஆதலால் ஒரே உறுப்பை நிறுத்தி அச்சிட்டால் ஒரு வலிமையும், படுக்கவைத்து அச்சிட்டால் வேறொரு வலிமையும் கிடைக்கும். சூடாகிக் குளிரும்போது உள்ளே தங்கும் இழுவிசையும், சொரசொரப்பான மேற்பரப்பும் பிளவுக்கு இடம் தரலாம்.

இம்முறை நம் நாட்டில் தன் பயனை மெய்ப்பித்தும் விட்டது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினை அடுக்கு முறையில் உருவாக்கி, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 விநாடிகள் இயக்கிச் சோதித்தது. பெங்களூரைச் சேர்ந்த விப்ரோ 3டி நிறுவனம் தயாரித்த அவ்வெஞ்சினில் 14 பாகங்கள் ஒன்றாயின. 19 பற்றவைப்பு இணைப்புகள் நீங்கின. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானதாயிற்று.

நம் மாணவருக்கு வாய்ப்புகள் இல்லாமல் இல்லை. கோவை கரி பந்தயத் திடலில் நடைபெற்றுவரும் ஃபார்முலா பாரத் போட்டியில், மாணவர் தாமே கட்டிய பந்தயக் கார் ஓடினால் மட்டும் போதாது. வடிவமைப்பையும் செலவுக் கணக்கையும் நடுவர்முன் நியாயப்படுத்த வேண்டும். செலவுக்குத் தனி மதிப்பெண் வைத்த இந்த ஏற்பாடு, பொருளாதாரம் பயின்ற எனக்கு மிகவும் உவப்பானது. பள்ளி நிலையிலும் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட அடல் ஆய்வுக்கூடங்கள் நிறுவப்பட்டுள்ளன. மேலும் 50,000 கூடங்களை ஐந்தாண்டுகளில் அமைக்க 2025-26 வரவு செலவுத் திட்டம் வகை செய்தது. அடுக்கு உற்பத்திக்கான 2022-ஆம் ஆண்டுத் தேசிய உத்தி, ஒரு லட்சம் திறன்பெற்ற பணியாளரை உருவாக்குவதைக் குறிக்கோளாகக் கொண்டிருந்தது.

குறை வேறிடத்தில் உள்ளது. இயந்திரம் வாங்க நிதி ஒதுக்குகிறோம்; இழை வாங்கவும் அச்சிட்டதை உடைத்துப் பார்க்கவும் ஒதுக்குவதில்லை. அலுவல் பயணமாகச் சென்ற ஒரு கல்லூரியில் உறையிட்டு மூடிய அச்சு இயந்திரத்தைக் கண்டேன். இழை தீர்ந்து ஓராண்டாயிற்று என்றார்கள். பல போட்டிகள் படக்காட்சியோடு முடிவதால், நன்றாகப் பேசத் தெரிந்த மாணவரே பரிசு பெறுகிறார்; சிற்றூர்ப் பாலிடெக்னிக் மாணவரின் உறுதியான உறுப்பு மேசையைவிட்டு நகர்வதில்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதற்சுற்றில் பிளாஸ்டிக் உறுப்புகளை, பொறியியல் கல்லூரிகளில் பொருள்வலிமைப் பாடத்திற்கென உள்ள சோதனை இயந்திரங்களிலேயே பாரம் ஏற்றி உடைக்கலாம். இறுதிச் சுற்றுக்கு வரும் ஐந்தாறு உறுப்புகளை மட்டும் உலோகத்தில் அச்சிடும் செலவை நடத்துவோர் ஏற்கலாம். எடை, தாங்கிய பாரம், செலவுக் கணக்கு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தரலாம். உடைந்த துண்டுகளை மாணவரிடமே திருப்பிக் கொடுத்து, எந்தப் படலத்தில் பிளவு தொடங்கியது என்று ஒரு பக்க அறிக்கை கேட்க வேண்டும். மறு ஆண்டின் வடிவமைப்பு அந்த அறிக்கையிலிருந்தே தொடங்கலாம்.